ஒற்றைப்படைக் காரும் இரட்டைப்படைக் காரும்

குட்டீஸ், உங்கள் வீட்டு வண்டியின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து வண்டி என்றால் டி.என். 55 என்று தொடங்கும். அது இப்போது முக்கியமில்லை. கடைசியில் இருக்கும் ஒரே ஓர் இலக்கத்தை மட்டும் பாருங்கள். 1, 3, 5, 7, 9 என்றால் உங்களுடையது ஒற்றைப்படை வண்டி. 0, 2, 4, 6, 8 என்றால் இரட்டைப்படை வண்டி. (பூஜ்யம் ஒற்றையா, இரட்டையா என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். இரட்டைதான். இரண்டால் வகுத்தால் மீதி வராது அல்லவா?)

இந்தக் கடைசி இலக்கத்தை வைத்துக்கொண்டு, "இன்று நீ சாலைக்கு வரலாம், நீ வரக் கூடாது" என்று கார்களை இரண்டு அணியாகப் பிரித்தது ஒரு பெரிய நகரம். வேறு எங்கோ அல்ல, நம் தலைநகர் டில்லிதான். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் குடுமியான்மலைக்காரன். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 2019 நவம்பரில் டில்லியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். ரயிலை விட்டு இறங்கியதுமே தொண்டை கரகரத்தது. கண் எரிந்தது. காலை பத்து மணிக்குச் சூரியன், பழைய பித்தளைத் தட்டு மாதிரி மங்கலாகத் தொங்கியது. மகள் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் எதிர் வரிசைக் கட்டடமே சரியாகத் தெரியவில்லை. நான் பனி என்று நினைத்தேன். "பனி இல்லை அப்பா, புகை" என்றாள் மகள்.

அன்று என் பேரனுக்கு ஏழு வயது. அவன் முகத்தில் முகக்கவசம் மாட்டியிருந்தான். அப்போது கொரோனா எல்லாம் வரவில்லை. முகக்கவசத்தை ஆஸ்பத்திரியில் மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். மூன்றாவது மாடி ஏறி வந்ததற்கே அவனுக்கு இளைத்தது. பையில் எப்போதும் மூச்சுக்கு இழுக்கும் மருந்துக் குழல் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டேன். "5ஆம் தேதி வரைக்கும் லீவு தாத்தா, காத்துக்கு உடம்பு சரியில்லையாம்" என்றான்.

காற்றுக்கு உடம்பு சரியில்லை! பிள்ளை சரியாகத்தான் சொன்னான். நமக்குக் காய்ச்சல் அளக்கத் தெர்மாமீட்டர் இருப்பதுபோல, காற்றுக்கு 'காற்றுத் தரக் குறியீடு' என்று ஒன்று உண்டு. 0 முதல் 50 வரை இருந்தால் நல்ல காற்று. 400-ஐத் தாண்டினால் மிக மோசம். அளவுகோல் 500-ல் முடிகிறது. 2019 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை டில்லியின் குறியீடு எவ்வளவு தெரியுமா? 494! விமான நிலையத்தில் இறங்க வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

காற்றில் அப்படி என்னதான் இருக்கிறது? இதைச் சொல்ல எங்கள் ஊர்க் கதை ஒன்று உதவும். எங்கள் சிகாநாதசாமி கோயிலில், சாமிக்குச் சூட்ட வேண்டிய மாலையை அர்ச்சகர் தனக்கு வேண்டிய பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம். திடீரென்று ராஜா வந்து நிற்க, அதே மாலையை வாங்கி ராஜாவிடம் நீட்டினாராம். அதில் ஒரு தலைமுடி! "இது ஏது?" என்று ராஜா கேட்க, "நம் சாமிக்குக் குடுமி உண்டு" என்று அர்ச்சகர் உளறிவிட்டார். ராஜா சோதிக்க வந்தபோது, பக்தனைக் காப்பாற்றச் சாமி நிஜமாகவே குடுமியுடன் காட்சி கொடுத்தாராம். ஊருக்குக் குடுமியான்மலை என்று பெயர் வந்ததற்கு இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

அந்த ராஜாவின் கண்ணில் பட்டது ஒரு முடி. முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு மைக்ரான். டில்லிக் காற்றில் இருந்த ஆபத்தான தூசி 2.5 மைக்ரானோ, அதற்கும் குறைவோ! முடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. எந்த ராஜாவின் கண்ணிலும் படாது. மூக்கில் இருக்கும் மயிர் பெரிய தூசியைத் தடுத்துவிடும். இந்தப் பொடித் தூசியோ நுரையீரலின் அடி ஆழம் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தத்திலும் கலக்கும். வளரும் பிள்ளைகளின் நுரையீரலும் வளர்ந்துகொண்டிருப்பது. அதனால்தான் உங்களுக்குப் பாதிப்பு அதிகம்.

டில்லியில் இது ஒரே இடத்தில் இருந்து வருவதில்லை. பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த தாளைக் கொளுத்தும் புகை வரும். அந்த வருஷம் அக்டோபர் 27-ல் தீபாவளி, வெடிப்புகை வேறு. தொழிற்சாலை, கட்டட வேலை, ரோட்டுப் புழுதி, லட்சக்கணக்கான வண்டிகள். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிவிடும். அதன்மேல் சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். பானைக்குள் புகை போட்டு மூடினால் என்ன ஆகும்? அதுதான்.

இதில் உடனே கைவைக்கக் கூடியது எது? வண்டிகள்! அதனால் டில்லி அரசு நவம்பர் 4 முதல் 15 வரை ஒற்றை - இரட்டைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இது அவர்களுக்கு மூன்றாவது முறை. முதலில் 2016 ஜனவரி 1 முதல் 15 வரை, பிறகு அதே வருஷம் ஏப்ரல் 15 முதல் 30 வரை நடத்தியிருந்தார்கள். ஜனவரியில் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிட்டு, பள்ளிப் பேருந்துகளைப் பொதுமக்களுக்கு ஓட்டினார்களாம். பெரியவர்கள் உங்கள் பஸ்ஸில் ஏறி ஆபீசுக்குப் போவதைக் கற்பனை செய்து பாருங்கள்!

விதி இதுதான். ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படைக் கார், இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படைக் கார். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தடை இல்லை. மீறினால் 2019-ல் அபராதம் 4,000 ரூபாய். ஆம்புலன்சுக்கு விலக்கு. சீருடையில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வண்டிக்கும் விலக்கு. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டருக்கும் விலக்கு. ஏன் தெரியுமா? அதில் போகிறவர்கள் எல்லோரும் பஸ்சுக்கு வந்தால் ஏற்றிக்கொள்ள அத்தனை பஸ் இல்லை!

என் மாப்பிள்ளையின் கார் நம்பர் 7-ல் முடியும். முதல் நாள் 4ஆம் தேதி. கார் கீழேயே நின்றது. "மாமா, இன்னைக்கு மெட்ரோதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நானும் ரயில் நிலையம் வரை கூடப் போனேன். கார்கள் குறைந்து சாலை காலியாகத்தான் இருந்தது. சிக்னலில் நிற்கும் வரிசை குட்டையாகிவிட்டது. நின்று நின்று ஊர்ந்து போகும் வண்டி, சீராக ஓடும் வண்டியைவிட அதிகம் புகை கக்கும். ஆகவே நெரிசல் குறைவதே ஒரு லாபம்.

இங்கே உங்களுக்கு ஒரு கணக்கு. நவம்பர் 4 முதல் 15 வரை மொத்தம் 12 நாள். 10ஆம் தேதி ஞாயிறு. குருநானக்கின் 550ஆவது பிறந்தநாளுக்காக 11, 12 தேதிகளிலும் தடையை எடுத்துவிட்டார்கள். அப்படியானால் என் மாப்பிள்ளையின் கார் எத்தனை நாள் வீட்டில் நின்றிருக்கும்? விடை கடைசியில். முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள்: இந்தத் திட்டம் ஒரு மாதம் 31-ல் இருந்து அடுத்த மாதம் 1-க்குத் தாண்டினால் யாருக்கு அதிர்ஷ்டம்?

சரி, காற்று சுத்தமானதா? உண்மையைத்தான் சொல்ல வேண்டும். 4ஆம் தேதி குறியீடு கொஞ்சம் இறங்கியது. ஆனால் அன்று காற்றும் பலமாக வீசியது. கார் குறைந்ததால் இறங்கியதா, காற்று வீசியதால் இறங்கியதா? இரண்டும் சேர்ந்து நடந்தால் ஒன்றுக்கு மட்டும் பாராட்டுப் பத்திரம் கொடுக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து காற்று நின்றது. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே குறியீடு மறுபடி 450-ஐத் தாண்டியது. நவம்பர் 14, 15 தேதிகளில் பள்ளிகளுக்கு மறுபடி லீவு. 14 என்ன நாள்? குழந்தைகள் தினம்! பேரன் ஆட வைத்திருந்த நடனம் நடக்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்குள் என்னோடு தாயம் ஆடினான். நான் வேண்டுமென்றே தோற்றேன். அவன் சிரிக்கவில்லை.

2016-ல் நடந்த இரண்டு சுற்றுகளைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜனவரியில் தடை இருந்த நேரங்களில் நுண்தூசி குறைந்திருந்தது. ஏப்ரலில் அப்படி ஒன்றும் குறையவில்லை. வெயில் காலத்தில் புகை தானாகவே மேலே கலைந்துவிடும். குளிர்காலத்தில்தான் வண்டிப்புகை தரையோடு தங்கும் என்பது ஒரு காரணம். கான்பூர் ஐ.ஐ.டி. போட்ட கணக்கு இன்னொன்றைச் சொன்னது. டில்லியின் நுண்தூசியில் சாலைப் புழுதி 38 சதவீதம். எல்லா வண்டிகளின் புகையும் சேர்ந்து 20 சதவீதம்தான். அந்த இருபதிலும் லாரிக்கும் இருசக்கர வண்டிக்கும் பெரிய பங்கு உண்டு. பாதிக் கார்களை மட்டும் நிறுத்தினால் எவ்வளவு குறையும் என்று நீங்களே பாருங்கள்! அதற்காக அந்தத் திட்டத்தை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அது முதலுதவி மாதிரி. காயத்துக்குத் துணி கட்டியதோடு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேளுங்கள். "எனக்குக் கவலை இல்லை. 4-ல் முடிகிற பழைய கார் ஒன்று வாங்கிவிடுவேன்!" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இது மெக்சிகோ நகரத்தில் நிஜமாகவே நடந்தது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர் அது. 1989 நவம்பரில், ஒவ்வொரு காருக்கும் வாரத்தில் ஒரு வேலை நாள் ஓய்வு என்று சட்டம் போட்டார்கள். நம்பரின் கடைசி இலக்கம்தான் அங்கேயும் கணக்கு. மக்கள் என்ன செய்தார்கள்? வேறு நம்பரில் இரண்டாவது கார் வாங்கினார்கள். அதுவும் விலை குறைந்த பழைய கார். பழைய கார் என்றால் கூடுதல் புகை! போதுமா?

சிங்கப்பூர்க்காரர்கள் அதற்கு முன்பே வேறு மாதிரி யோசித்திருந்தார்கள். 1975 ஜூனில், காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டணம். (அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள்.) காரில் நான்கு பேர் இருந்தால் கட்டணம் இல்லை! உடனே, தனியாகக் காரில் வந்தவர்கள் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்கள். அவர்களின் முதல் நோக்கம் நெரிசலைக் குறைப்பது. கார் குறைந்தால் புகையும் குறையும்தானே? லண்டனும் 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்கு இப்படி ஒரு கட்டணத்தைக் கொண்டுவந்தது.

நம் தமிழ்நாட்டிலும் வண்டிகளுக்குக் கணக்கு வந்துவிட்டது. கோடை விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் இரண்டு இடங்களுக்கும் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் போக முடிந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு போட்டார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்துக்கு இந்த வரம்பு இல்லை. பஸ்ஸில் போகிறவன் ராஜா!

2022 மே மாதம் பேரன் குடுமியான்மலைக்கு வந்தான். புதுக்கோட்டையில் இருந்து டவுன் பஸ்ஸில்தான் கூட்டி வந்தேன். ஊருக்கு வெகு முன்னாலேயே மலை தெரிந்துவிட்டது. அவன் ஜன்னல் ஓரம் இருந்து பார்த்துக்கொண்டே வந்தான். மறுநாள் காலை வெயில் ஏறும் முன் மலை ஏறினோம். அறுபத்து மூன்று நாயன்மார்களை வரிசையாகப் பாறையில் செதுக்கியிருக்கிறார்களே, அதை அவனுக்குக் காட்ட ஆசை. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம். அந்த இரண்டு தடவையும் உட்கார்ந்தது எனக்காகத்தான். மருந்துக் குழல் அவன் பையிலேயே இருந்தது.

மேலே நின்று சுற்றிலும் பார்த்தான். வயல், கண்மாய், தூரத்தில் ஒரு பஸ்.

"தாத்தா, இது எவ்வளவு தூரம் தெரியுது?" என்று கேட்டான். எனக்கு அளந்து சொல்லத் தெரியவில்லை. அவனே ஒவ்வொரு பனைமரமாக எண்ண ஆரம்பித்துவிட்டான்.

(விடை: 4, 6, 8, 14 ஆகிய நான்கு நாட்கள். 31-ஐ அடுத்து 1 வந்தால் இரண்டுமே ஒற்றைப்படை. ஆகவே ஒற்றைப்படைக் காருக்குத்தான் அதிர்ஷ்டம்.)