பூட்டி வைத்த வாத்து!

திண்டுக்கல் பூட்டு என்றால் திருடனே நாலு அடி தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான் என்பார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டாயிற்றே! அப்படிப்பட்ட மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் போட்டு எங்கள் வீட்டு மர பீரோவை பதின்மூன்று வருஷம் காவல் காத்தோம். உள்ளே என்ன? நகையா, நிலப் பத்திரமா? ரெண்டும் இல்லை. ஒரு வாத்து. மஞ்சள் கலர் துணி வாத்து!

சிரிக்காதீங்க. கதையைக் கேளுங்க.

1999 மே மாதம். ஒய்-டூ-கே புண்ணியத்தில் சிகாகோ போயிருந்த மாமா பையன் லீவில் வந்தார். எல்லோருக்கும் சென்ட் பாட்டில், சாக்லேட். பொடியனான எனக்கு மட்டும் உள்ளங்கை அகல வாத்து. அதில் இதய வடிவத்தில் சிவப்பாக ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? பிய்க்கப் போனேன். மச்சான் அலறிவிட்டார்.

"டேய் டேய்! அட்டையைப் பிய்ச்சா போச்சுடா! அத்தை, இதைப் பிடுங்கி உள்ள வைங்க. இது ரிட்டயர்டு வாத்து. நாளைக்கு ஆயிரக்கணக்குல போகும்!"

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "ரிட்டயர் ஆனா மதிப்பு கூடுமா மாப்பிள்ளை? எங்க மில்லுல அப்படி வழக்கம் இல்லையே!"

அம்மா அதற்குள் பீரோவைப் பூட்டிவிட்டு சாவியை இடுப்பில் செருகியாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்கு வாத்து வெளியே வரும். சந்தனம் வைக்கப் போன அம்மாவைத் தடுத்தது நான்தான். அட்டையில் கறை பட்டுவிடுமே!

இத்தனைக்கும் வீட்டில் பறவைக்குப் பஞ்சமே இல்லை. சித்தி கைவேலை வகுப்பில் கற்றுக்கொண்டு வந்து பச்சை வெல்வெட்டில் தைத்த கிளி ஷோகேஸில் இருந்தது. உள்ளே மில்லில் கழித்த பஞ்சு, கண்ணுக்குச் சட்டை பட்டன். பக்கத்தில் ஒயரில் பின்னிய இன்னொரு கிளி. இதற்கெல்லாம் யாரும் விலை கேட்டதில்லை. வெல்வெட் கிளியைத் தலை தனி, உடம்பு தனியாகும் வரை நான் விளையாடித் தீர்த்தேன்.

உலக அளவிலும் இந்தப் பஞ்சுப் பொம்மை வியாபாரம் ஒரு தையல்காரப் பெண்மணியிடமிருந்துதான் சூடு பிடித்தது. ஜெர்மனியில் கீங்கன் என்ற சின்ன ஊர். மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண். குழந்தையிலேயே போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். ஊசி குத்தி வைக்க 1880-ல் யானை வடிவில் ஒரு பஞ்சுத் திண்டு தைத்தார். குழந்தைகள் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டு யானையை எடுத்துக்கொண்டு ஓடின! அதுவே பிழைப்பானது, பிழைப்பு கம்பெனியானது. போலிகள் பெருகியதால் 1904-லிருந்து பொம்மையின் காதில் ஒரு உலோக பட்டன் குத்தி விற்றார்கள். பறவைக்கு ஏது காது என்று கேட்காதீர்கள். அதற்கு வேறு இடம் பார்த்துக் குத்தினார்கள்.

அந்தக் கம்பெனி 1931-ல் கம்பளி நூலை உருண்டையாகக் கட்டி, கத்தரித்து, விரல் நீளக் குருவிகளை விற்க ஆரம்பித்தது. குழந்தைகள் வாங்கி, கடித்து, தொலைத்து, மழையில் போட்டு, மிச்சத்தைப் பூச்சி அரித்து... அப்புறம் ஒரு உலகப் போர் வேறு. இத்தனையும் தாண்டிப் பிழைத்த பழைய குருவிகளைத்தான் இன்றைக்கு ஆள் வைத்துத் தேடுகிறார்கள். யாரும் பத்திரப்படுத்தாததால் வந்த மதிப்பு அது. இந்த வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எங்கள் வாத்துக்கு உதவும்.

வாத்தின் ஜாதகம் வேறு. சிகாகோவை ஒட்டி டை என்று ஒரு கம்பெனி. முதலாளி டை வார்னர். 1993-ல் பீனி பேபீஸ் என்று குட்டிப் பொம்மைகளைக் கொண்டு வந்தார். விலை சுமார் 5 டாலர். பஞ்சைக் குறைத்து உள்ளே பிளாஸ்டிக் குருணையைப் போட்டார். பெரிய கடைகளுக்குத் தராமல் சின்னச் சின்ன பரிசுக் கடைகளுக்கு மட்டும், அதுவும் எண்ணி எண்ணி. அடுத்துதான் மாஸ்டர் ஸ்ட்ரோக். 'இந்தப் பொம்மை ரிட்டயர்டு, இனி செய்ய மாட்டோம்' என்று திடீர் திடீரென்று அறிவிப்பார். அவ்வளவுதான், ஜனம் கடையை நோக்கிப் பாயும். பி.காம். மூன்று வருஷமும் டிமாண்ட், சப்ளை என்று கோடு போட்டேன். சப்ளை கோட்டை ஒரே ஆள் கையால் பிடித்து இழுக்கலாம் என்று எந்த புரொபசரும் சொல்லித் தரவில்லை.

காக்கா, ஆந்தை, கிளி, சேவல், பூநாரை என்று ஒரு பறவைகள் சரணாலயமே வந்தது. இதில் நம்ம வாத்துக்குத் தனிப் பெருமை. பெயர் குவாக்கர்ஸ். ஆரம்பத்தில் அதற்கு இறக்கையே வைக்காமல் தைத்துவிட்டார்கள். பிறகு வைத்தார்கள். இறக்கை இல்லாத முதல் வாத்துக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புப் போட்டார்கள். குறை இருந்தால் விலை ஜாஸ்தி! நம்ம கல்யாண மார்க்கெட்டில் இப்படி ஒரு சட்டம் வரக்கூடாதா?

1997-ல் மெக்டொனால்ட்ஸ் சாப்பாட்டோடு இதன் குட்டி சைஸைக் கொடுத்தது. அதிலும் வாத்து உண்டு, பூநாரை உண்டு. சுமார் 10 கோடி பொம்மை. ஐந்து வாரம் ஓட வேண்டியது ரெண்டு வாரத்துக்குள் காலி. பொம்மையை எடுத்துக்கொண்டு பர்கரைக் குப்பையில் போட்டார்களாம். ஈபே ஏலத் தளத்தில் ஒரு கட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வியாபாரம் இதுதான். 1999-ல் லாஸ் வேகாஸில் விவாகரத்தான ஒரு ஜோடி, நீதிமன்றத் தரையில் குத்தவைத்து 'உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு' என்று பொம்மைகளைப் பங்கு பிரித்துக்கொண்டது.

அந்த வருஷமே டிசம்பரோடு எல்லாவற்றுக்கும் முற்றுப்புள்ளி என்றது கம்பெனி. பிறகு ஓட்டெடுப்பு நடத்தி, தொடரும் என்றது. அதற்குள் ஜனத்துக்குச் சலித்துவிட்டது. விலை சரிந்தது. எங்கள் வீட்டு மாங்காய்ப் பூட்டுக்கு மட்டும் இந்தச் சேதி எட்டவில்லை.

2011-ல் அப்பா நிஜமாகவே ரிட்டயர் ஆனார். மதிப்பு கூடவில்லை. கையில் கொஞ்சம் பி.எஃப். பணம். அப்போது கொங்குப் பக்கம் ஈமு கோழி ஜுரம். டி.வி. விளம்பரத்தில் சினிமா நட்சத்திரங்களே வந்து சொன்னார்கள். பணம் கட்டினால் கோழி உன் பேரில். மாசாமாசம் தொகை வீடு தேடி வரும். அப்பா ஒன்றரை லட்சம் கட்டினார். நான் பி.காம். படித்தவன், தடுத்திருக்க வேண்டும். 'எல்லாரும்தானே கட்டறாங்க' என்று நானும் தலையாட்டினேன். சில மாசம் பணம் வந்தது. 2012 ஆகஸ்ட்டில் ஈமு கம்பெனிகள் வரிசையாக ஷட்டரை இறக்கின. கைவிடப்பட்ட பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போட வேண்டி வந்தது. எங்கள் கோழிகள் பண்ணையிலேயே வளர்வதாகச் சொன்னதால் அவற்றின் முகத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு வாரம் அப்பா யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் சாவியை அம்மாவிடம் வாங்கி பீரோவைத் திறந்தார். வாத்தை என் மேஜையில் வைத்தார்.

"இது இப்ப என்ன விலை போகும்னு கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லுப்பா. எங்க செலவுக்கு ஆகும்."

பார்த்தேன். ராத்திரி முழுக்கப் பார்த்தேன். எங்கள் வாத்துக்கு ரெண்டு இறக்கையும் கச்சிதமாக இருந்தது. அட்டை பளபளவென்று இருந்தது. அதே மாதிரி பளபள அட்டையோடு எக்கச்சக்க வாத்துகள் விற்பனைக்கு நின்றன. அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு பூட்டித்தான் வைத்திருந்தார்கள்! எல்லோரும் பத்திரப்படுத்திய பண்டம் எப்படி அபூர்வமாகும்? ஒரு சில டாலர். அனுப்பும் தபால் செலவு அதைவிட ஜாஸ்தி.

காலையில் சொன்னேன். அப்பா வாத்தைக் கையில் எடுத்து, மில்காரர் பழக்கத்தில் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"என்னப்பா இது, பஞ்சே இல்லையே?"

"பிளாஸ்டிக் குருணைப்பா."

"பதின்மூணு வருஷம் குருணையையா பூட்டி வச்சோம்?" என்றவர், ஈமு விவகாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். அடுத்த மாசம் ஒரு பூட்டுக் கடையில் கணக்கெழுதப் போய்ச் சேர்ந்து, அறுபத்தைந்து வயசு வரை போய் வந்தார்.

இப்போது நிஜப் பறவைகளின் குரலோடு பஞ்சுப் பறவைகள் வருகின்றன. வயிற்றை அமுக்கினால் அமெரிக்காவின் கார்னெல் பறவை ஆய்வகம் பதிவு செய்த குரலில் கூவும். தயாரிப்பது ஓஹியோவில் இந்தியர் ஒருவர் தொடங்கிய கம்பெனி. என் மகளுக்கு ஒன்று வாங்கித் தந்தேன். அவளுக்குப் பிடித்ததென்னவோ மஞ்சள் வாத்துதான். அட்டை தொல்லையாக இருக்கிறது என்று அழுதாள்; அவள் தாத்தாவே நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டார்.

போன மாசம் ஒரு இறக்கை பிய்ந்து விழுந்தது. இன்னொன்றும் லொடலொடக்கிறது. அதுவும் விழுந்ததும் சிகாகோ மச்சானுக்கு போன் போட்டு ரேட் கேட்கலாம் என்றிருக்கிறேன்.