உங்களுக்குத் தெரியுமா? ஒரு வகை மண்புழுவுக்கு எட்டு ஜோடி இதயம்!

வெளிறிய மண்புழு ஒன்றை ஈரக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முதுகின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஒன்று ஓடும். அதுதான் முதுகுப்புற இரத்தக்குழாய். சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், அது வாலிலிருந்து தலையை நோக்கி அலை அலையாகச் சுருங்குவதும் தெரியும். உள்ளே வால்வுகள் இருப்பதால் இரத்தம் பின்வாங்காது.

தலைப்பக்கம் வந்த இரத்தத்தை, உணவுக்குழாயின் இருபுறமும் வளையம்போல் இறங்கும் பக்க இதயங்கள் வயிற்றுப்புறக் குழாய்க்குத் தள்ளுகின்றன. பிளஸ் ஒன் விலங்கியலில் படித்த ‘லாம்பிட்டோ மாரிட்டி’ மண்புழு நினைவிருக்கிறதா? அதற்கு 6 முதல் 13 வரையிலான கண்டங்களில் 8 ஜோடி. ஐரோப்பிய மண்புழுவான ‘லும்ப்ரிகஸ் டெரஸ்ட்ரிஸ்’ஸுக்கு 5 ஜோடிதான். வயிற்றுப்புறக் குழாயில் வால்வும் கிடையாது, துடிப்பும் கிடையாது. அதன் வழியே இரத்தம் பின்னோக்கிப் போய் உறுப்புகளுக்குப் பிரியும். நம்மைப் போலவே மூடிய சுற்றோட்டம்!

இரத்தம் சிவப்புதான், ஆனால் சிவப்பணுக்கள் இல்லை. ஹீமோகுளோபின் பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. அந்த மூலக்கூறின் அளவுதான் மலைக்க வைப்பது: லும்ப்ரிகஸில் 144 குளோபின் சங்கிலிகள், நம்முடையதில் வெறும் 4.

நுரையீரல்? அதுவும் இல்லை. ஈரமான தோலுக்கடியில் பின்னியிருக்கும் நுண்குழாய்களே ஆக்சிஜனை வாங்கிக்கொள்கின்றன. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். பார்த்தாயிற்றென்றால் சீக்கிரம் மண்ணில் விட்டுவிடுங்கள்.