கண்ணாடிச் சொறி
(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

வேம்பார்க் கடற்கரையில் வளர்ந்த எங்களுக்குச் சொறியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கரைவலையில் மீன்களோடு வந்து, மணலில் கஞ்சிக் கட்டிபோல் கிடக்கும். "தொடாதீங்க பிள்ளைகளா!" என்று பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்தி, செத்ததுதானே என்று அதைக் காலால் தள்ளிவிட்டு, இரவெல்லாம் எரிச்சலில் அழுதாள். சொறி செத்த பின்னும் அதன் கொட்டும் செல்கள் தொட்டவுடன் வெடித்து நஞ்சைப் பாய்ச்சும் என்று பிறகுதான் அறிந்தோம்.

ஆனால் அதே சொறி தண்ணீரில் குடைபோல் விரிந்து சுருங்கி மிதக்கும்போது எவ்வளவு அழகு! அந்த அழகைப் பிடித்து வைக்கத்தான் வழியில்லை. அதன் உடலில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். சாராயத்தில் போட்டால் சுருங்கி நிறம் போய்விடும். கடைகளில் சிப்பியை ரெசினில் பதித்துச் சாவிக்கொத்து விற்கிறார்களே, அப்படிச் சொறியை எளிதில் பதித்துவிட முடியாது.

இதற்கு வழி கண்டவர் லியோபோல்டு பிளாஷ்கா (1822–1895) என்ற பொஹீமியா நாட்டுக் கண்ணாடித் தொழிலாளி. மனைவியை இழந்த துயரத்தில் 1853-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே காற்று விழுந்து, பாய்க்கப்பல் இரு வாரம் நகராமல் நின்றது. இருட்டுக் கடலில் ஒளிவிட்ட உயிர்களைப் பார்த்து வரைந்துகொண்டே இருந்தார். (காற்று விழுந்தால் நம் ஊர்க்காரர்கள் புலம்புவார்கள், அவருக்கு அதுவே நல்லதாயிற்று!)

பின்பு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தங்கி, 1863 முதல் கடலுயிர்களைக் கண்ணாடியில் செய்தார். மகன் ருடால்ஃபும் சேர்ந்துகொண்டார். விளக்குச் சுடரில், காலால் துருத்தி மிதித்துக்கொண்டே கண்ணாடிக் குழாயை இளக்கி, ஊதி, இடுக்கியால் இழுத்து உருவாக்கினார்கள். நூல்போன்ற கைகளுக்குச் செம்புக் கம்பியும் சேர்த்தார்கள். பிறகு வண்ணம் தீட்டினார்கள். முதலில் புத்தகப் படங்களைப் பார்த்துச் செய்தவர்கள், பின்னாளில் வீட்டிலேயே கடல்நீர்த் தொட்டி வைத்து, உயிருள்ளவற்றைப் பார்த்தே செய்தார்கள். கொடிய நஞ்சுள்ள 'போர்ச்சுக்கீசியப் போர்க்கப்பல்' என்னும் நீல உயிரும் அவற்றுள் உண்டு. இப்படிச் சுமார் 10,000 உருவங்கள் உலகின் பல கல்விக்கூடங்களுக்குச் சென்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் சில இன்றும் உள்ளன.

இந்தச் சொறி நம்மைக் கொட்டாது, ஆபத்தெல்லாம் அதற்குத்தான். லேசான அதிர்ச்சிக்கே கைகள் ஒடிந்துவிடும். பழைய பசையும் விட்டுப்போகும். ஒடிந்தவற்றைச் செயற்கைப் பிசினால் ஒட்டுகிறார்கள். புதிதாகச் செய்து தர அவர்களில் யாருமில்லை. ருடால்ஃபுக்குப் பிள்ளைகள் இல்லை; சீடரும் இல்லை. அவர் 1939-இல் மறைந்தார்.

எங்கள் தோழியிடம் அந்தப் படங்களைக் காட்டினோம். காலைத் தடவிக்கொண்டே வெகுநேரம் பார்த்தாள். "இதுவா என்னைக் கொட்டியது?" என்றாள்.