கால் எரியுது டாக்டர்... காரணம் சொல்லுங்க!

ராத்திரி பதினொன்றரை மணி. நந்தனம் ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி. பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதில் முக்கால்வாசி தண்ணீர். அதற்குள் என் இரண்டு கால்கள்.

"தீ மிதிச்சவன்கூட மறுநாள் ஆபீஸுக்குக் கிளம்பிடறான். நீங்க என்னடான்னா ரெண்டு மாசமா பக்கெட்டுல குடியிருக்கீங்க!" என்றாள் மனைவி.

எனக்கு வயசு முப்பத்திநாலு. பாதத்தில் எரிச்சல். விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு. பகலில் மறந்துபோகும், விளக்கை அணைத்ததும் ஆஜராகிவிடும்.

ஆபீசில் சொன்னேன். "ஷூவை மாத்துடா" என்றான் ஒருத்தன். "உஷ்ணம் சார், விளக்கெண்ணெய் தடவுங்க" என்றார் அட்டெண்டர். "நரம்பு வலியா இருக்குமோ?" என்று நானே கேட்டதுதான் தப்பு. 'நரம்பு' என்று வாயைத் திறந்தாலே பஸ் ஸ்டாண்டு சுவர் விளம்பரம்தான் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வருது. கேன்டீனில் ஒரு தினுசாகச் சிரித்தார்கள். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். வாலிபப் பசங்க பாதிப் பேர் டாக்டரிடம் போகாததற்கு இந்தச் சிரிப்புதான் காரணம் என்பது என் கட்சி.

ஒருவழியாகப் போனேன். நாலு நிமிஷம். டாக்டர் ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. "நரம்பு வலிதான்" என்று மாத்திரை எழுதினார். சுகர் மட்டும் பார்த்தார், நார்மல். "அப்போ எதனால டாக்டர்?" என்றேன். "சிலருக்கு அப்படித்தான்" என்றார். அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது.

மருந்துக் கடைக்காரர் அதற்கு மேல். "கூடவே பி12 ஊசி ஒண்ணு சும்மா போட்டுக்கோங்க சார், தெம்பா இருக்கும்." ஊசி என்றால் எனக்குப் பயம். வேண்டாம் என்று ஓடி வந்துவிட்டேன். அந்தக் கோழைத்தனம் என்னைக் காப்பாற்றியது என்பது பிற்பாடு தெரிந்தது.

மாத்திரை வேலை செய்தது. எப்படி? கிண்டியில் மெட்ரோ ஏறினவன் நந்தனத்தில் இறங்காமல் வண்ணாரப்பேட்டையில் கண் விழித்தேன். எரிச்சல் போகவில்லை, எரிவதே தெரியாமல் தூங்கினேன், அவ்வளவுதான்.

'சரி, இப்படியே ஓட்டலாம்' என்றுதான் நினைத்தேன். அப்பா ஞாபகம் வராமல் இருந்தால் ஓட்டியிருப்பேன்.

அவருக்கும் இதே எரிச்சல். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றோம். சுகர்கூட யாரும் பார்க்கவில்லை. ஒரு வருஷத்தில் எரிச்சல் நின்றது. சந்தோஷப்பட்டோம். நின்றது எரிச்சல் இல்லை சார், உணர்ச்சி! செருப்பில் குத்தியிருந்த ஆணியோடு இரண்டு நாள் நடந்திருக்கிறார். அம்மாதான் தரையில் ரத்தத்தைப் பார்த்தாள். கட்டை விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை இருப்பது ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான் எங்களுக்குத் தெரியும்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்திய டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் வாழ்நாளெல்லாம் சொன்னார். அவர்கள் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் காயம்பட்டு, புண்ணாகிக் குறைகின்றன என்று.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். எரிச்சல் எப்போது, எந்த விரலில், எதுவரை ஏறுகிறது, என்ன மாத்திரை எல்லாம் சாப்பிடுகிறேன் என்று பத்து நாள் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் மூணு கேள்வி. இது எதனால? எந்த டெஸ்ட்டில் தெரியும்? ரிசல்ட் வந்தால் வைத்தியம் மாறுமா?

அதோடு ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனேன். திட்டுவாரோ என்று உள்ளுக்குள் உதறல். மனுஷர் நோட்டை வாங்கிப் படித்தார்! "ஷூவைக் கழட்டுங்க" என்றார்.

கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பள்ளிக்கூட பிசிக்ஸ் லேபில் பார்த்த இசைக்கவையைத் தட்டிக் கட்டை விரலில் வைத்தார். "அதிருதா?" அதிரவில்லை. கணுக்காலில் வைத்தபோது அதிர்ந்தது. கரண்ட் செலவுகூட இல்லாத இந்தப் பரிசோதனையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

அப்புறம் விசாரணை. குடி உண்டா? டி.பி. மருந்து சாப்பிட்டதுண்டா? (அதில் ஐசோனியசிட் என்ற மருந்து வைட்டமின் பி6-ஐக் குறைத்து நரம்பைத் தொடும்.) உடம்பில் உணர்ச்சியில்லாத வெளிர் தேமல்? (இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், வெட்கம்தான் செலவு.) மாமிசம்?

"சுத்த சைவம் டாக்டர்."

"இதென்ன, தினமும் கேஸ் மாத்திரைன்னு எழுதியிருக்கீங்க?"

"நாலு வருஷமா... காபிக்கு முன்னாடி."

சிரித்தார். பி12 மாமிசம், முட்டை, பாலில்தான் உண்டு, காய்கறியில் கிடையாது. சைவக்காரனுக்கு வருவதே கொஞ்சம். அதையும் உடம்பில் சேரவிடாமல், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கியிருக்கிறேன்!

மூணு மாச சுகர் சராசரி, தைராய்டு, கிட்னி, ரத்த அணுக்கள், பி12 என்று எழுதினார். "ஊசி ஏதும் போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "நல்லது. போட்டிருந்தா ரத்தத்துல நார்மல்னு காட்டி நம்மள ஏமாத்தியிருக்கும்" என்றார்.

அடுத்தது நரம்பு கடத்தல் பரிசோதனை. காலில் ஒயரை ஒட்டி, சுள் சுள்ளென்று சின்னச் சின்ன ஷாக். ஒவ்வொன்றுக்கும் என் கால் எம்.ஜி.ஆர். சண்டைக்காட்சி போல எகிறியது. டெக்னீஷியன் தம்பி பழகினவர், தள்ளியே நின்றார். பாதத்து நரம்பில் சமிக்ஞை பலவீனம் என்று வந்தது. ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனை பெரிய நரம்பிழைகளைத்தான் பார்க்கும். மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் ரிப்போர்ட் சமர்த்தாக நார்மல் என்று வரும். அதைக் காட்டி 'வலியே பொய்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குத் தோலில் துளி எடுத்துப் பார்க்கும் பரிசோதனை தனியாக இருக்கிறது.

என் பி12 அளவு 110. குறைந்தது 200-ஆவது இருக்க வேண்டுமாம்.

கால் எரிச்சலுக்குக் காரணம் தேடுவது நம்ம ஊரில் புதுசும் இல்லை. சேலத்தில் 1918-இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சி. கோபாலன், 1946-லேயே ஊட்டக்குறைவால் வரும் பாத எரிச்சல் பற்றி எழுதினார். மருத்துவ நூல்களில் அந்த நோய்க்கே அவர் பெயர் ஒட்டியிருக்கிறது. பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகி, நூறு வயது கண்டு 2019-இல் மறைந்தார். அவர் 'சிலருக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடவில்லை.

இதைப் படித்துவிட்டு, பேப்பரோடு வரும் நோட்டீஸைப் பார்த்து 'முழு உடல் பரிசோதனை'க்கு ஓடாதீர்கள். எண்பது ரிசல்ட் வரும். உங்கள் கால் ஏன் எரிகிறது என்பது அதில் இல்லாமலும் போகலாம். காரணத்தோடு கேட்கிற நாலு டெஸ்ட் போதும். ஆனால் திடீரென்று கால் துவண்டாலோ, உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

ஊசி ஆரம்பித்து நாலு மாசம் ஆகிறது. பயத்தோடுதான் போட்டுக்கொள்கிறேன். எரிச்சல் முக்கால்வாசி போச்சு. கட்டை விரல் நுனி மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. "இன்னும் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். பக்கெட் துணி துவைக்கத் திரும்பிவிட்டது.

போன ஞாயிறு கீழ் வீட்டு ரிடையர்டு மாமா மாடியேறி வந்தார். பதினொரு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்.

"ஏம்ப்பா, அந்த மாத்திரையும் பி12-ஐக் குறைக்குமாமே! எனக்கும் கால் எரியறது. டாக்டர்கிட்ட கேட்டா கோவிச்சுப்பாரோ?"

கடைசிப் பக்கத்தைப் பிரித்து நோட்டை அவர் கையில் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.