டர்போ எஞ்சினில் ஸ்டட் முறிவதைத் தடுப்போம்

குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில்தான் தொடங்குகிறது. திருவையாறு வட்டாரத்தில் கதிர் சாய்ந்த வயலில் அறுவடை இயந்திரம் இரண்டு நாள் நின்றுவிட்டால், நெல் நனைந்து முளைவிடும். இயந்திரம் நிற்கப் பெரிய பழுது வேண்டியதில்லை. விரல் நீள ஸ்டட் ஒன்று முறிந்தாலே போதும்.

எஞ்சின் தலையிலிருந்து சூடான புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய்க்கு மேனிபோல்டு என்று பெயர். டர்போ உள்ள எஞ்சின்களில், இந்தப் புகையின் விசையே டர்போவைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. இம்முறைக்கு 1905-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி காப்புரிமை பெற்றார். இன்று அறுவடை இயந்திரங்களிலும், டிராக்டர்கள் பலவற்றிலும் டர்போ உண்டு.

ஏன் முறிகிறது?

முழுச் சுமையில் புகையின் வெப்பம் 600 பாகை செல்சியஸ் வரை ஏறும். 60 செ.மீ. நீளமுள்ள மேனிபோல்டு 400 பாகை கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய இரண்டரை மி.மீ. நீளும். தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின் தலையோ அரை மி.மீ. கூட நீளாது. இடையில் சிக்கிய ஸ்டட், சூடேறும்போது ஒரு பக்கமும் ஆறும்போது மறு பக்கமும் வளைகிறது. கம்பியைப் பலமுறை வளைத்து ஒடிப்பது போன்றதே இது. ஆகவேதான் பெரும்பாலும் கடைசி ஸ்டட்டுகள் முதலில் முறிகின்றன. இறுக்கம் போதவில்லை என்று எண்ணி மேலும் முடுக்குவது தவறு.

அறிகுறிகள்

காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' ஓசை கேட்டு, சூடேறியபின் குறைவது. கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு. இழுவை குறைந்து கரும்புகை வருவது. கசியும் சூடான புகை, எஞ்சின்மேல் படிந்த வைக்கோல் தூசியில் பட்டால் தீப்பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

எந்த ஸ்டட் ஏற்றது?

தலையில் 8.8 என்று பொறித்த சாதாரணப் போல்ட்டின் வலிமை சுமார் 300 பாகைக்கு மேல் குறையத் தொடங்கும். 12.9 அதனினும் கடினமானது. ஆனால் வெப்பம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எவர்சில்வர் துருப்பிடிக்காது, எனினும் சூட்டில் வார்ப்பிரும்பைவிட அதிகம் நீள்வதால் பிடிப்புத் தளரும், மரையும் கடித்துக்கொள்ளும்.

எஞ்சின் தயாரிப்பாளரின் அசல் ஸ்டட்டே முதல் தேர்வு. அதைவிடத் தரம் உயர்த்த விரும்பினால், நீராவிக் குழாய் இணைப்புகளில் பயன்படும் 'பி7' வகையைக் கேட்டு வாங்குங்கள். குரோமியம், மாலிப்டினம் கலந்த இவ்வுருக்கு 400 பாகை வரை வலிமை காக்கும். பந்தயக் கார்களுக்கு இன்கோனல் என்னும் நிக்கல் கலவையில் ஸ்டட் பொருத்துகிறார்கள். நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. நைலான் வளையமுள்ள நட்டு உருகிவிடும். உலோகப் பூட்டு நட்டையே போடவேண்டும்.

மாற்றும் முறை

1. எஞ்சின் நன்றாக ஆறியபின், துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஓரிரவு விடுங்கள். ஸ்டட் உள்ளே முறிந்துவிட்டால் பட்டறையில் எடுப்பதே நல்லது.

2. மேனிபோல்டின் முகத்தில் நேர்விளிம்புப் பட்டையை வைத்து வளைவு பாருங்கள். வளைந்திருந்தால் சமன் செய்யாமல் புது ஸ்டட் போட்டுப் பயனில்லை.

3. ஒன்று முறிந்தாலும் எல்லா ஸ்டட்டுகளையும் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். நட்டுப் பக்க மரையில் வெப்பம் தாங்கும் செம்புப் பசையைத் தடவுங்கள்.

4. நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் சென்று, மூன்று தவணைகளில் டார்க் ஸ்பேனரால் முடுக்குங்கள். அளவு எஞ்சின் கைப்புத்தகத்தில் இருக்கும். அது உலர்ந்த மரைக்கான அளவானால், பசை தடவியபோது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கவேண்டும்.

5. ஒருமுறை ஓட்டி, முழுதும் ஆறியபின் இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

வேலை முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல், மூன்று நிமிடம் சுமையின்றி ஓடவிடுங்கள். சூடான மேனிபோல்டின்மேல் வாய்க்கால் தண்ணீரை ஊற்றாதீர்கள். வைக்கோல் தூசியைத் தினமும் துடைத்துவிடுங்கள்.

சம்பா அறுவடை முடிந்தபின், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் இந்த வேலையை முடித்துக்கொண்டால், குறுவைக் கதிர் மழைக்கு முன் களம் சேரும்.