மூன்று நொடிக்கு ஒரு மெட்டு

வால்டர் வெர்சோவா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவர் போட்ட மெட்டை நிச்சயம் கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டர் விளம்பரங்களின் கடைசியில் ஒலித்த 'இன்டெல் இன்சைட்' இசை அவருடையதுதான்.

வெர்சோவா வியன்னாக்காரர். ஆல்ப்ஸ் மலை யோடெல் கூவலையும் நடனத் தாளத்தையும் அபா குழுவின் பழைய மெட்டு ஒன்றையும் குழைத்து, 1988இல் 'எடெல்வைஸ்' என்ற குழு ஒரு கேலிப் பாட்டை வெளியிட்டது. ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்டது. அந்தக் குழுவில் அவரும் ஒருவர். பிறகு திரையிசை படிக்க லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார்.

கம்ப்யூட்டர் சில்லு செய்யும் இன்டெல் கம்பெனியின் வேலை வந்தது 1994இல். விளம்பர இசையில் ஒரு தொல்லை உண்டு: காசு கொடுப்பவர் ராகத்தையோ தாளத்தையோ சொல்லிக் கேட்பதில்லை, குணங்களை அடுக்குவார். புதுமை தெரிய வேண்டும், சிக்கலைத் தீர்க்கும் சாமர்த்தியம் தெரிய வேண்டும், கம்ப்யூட்டரின் உள்ளே இருப்பதுபோல் ஒலிக்க வேண்டும், கம்பெனி மிடுக்கு வேண்டும், கூடவே அன்பாக அழைக்கவும் வேண்டும். எல்லாம் மூன்றே நொடிக்குள்! சிம்பொனி எழுதச் சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அவருக்கு வழிகாட்டியது அந்தப் பெயரேதான். 'இன்-டெல் இன்-சைட்' என்று நான்கு அசை. ஆகவே நான்கு ஸ்வரம். நம் கணக்கில் ச, ம, ச, ப. மேற்கத்தியக் காதுக்கு ஒரு மெட்டு மகிழ்ச்சியா சோகமா என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் காந்தாரம். அது இதில் இல்லவே இல்லை. சிரிப்பும் அழுகையும் கலக்காமல் நிமிர்ந்து நிற்கிற ஒலி. ஷட்ஜத்தோடு இழையும் சுத்த மத்தியமமும் பஞ்சமமும் பற்பல நாட்டு இசைகளுக்கும் பழக்கமானவை என்பதால், எந்த ஊரிலும் அந்நியமாகத் தோன்றாது.

ஸ்வரம் கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த நான்குக்கு முன்னால் 'டங்' என்று விழும் ஓர் அடி இருக்கிறதே, அதற்குள் மட்டும் சுமார் இருபது ஒலிகள்: கஞ்சிரா போன்ற டாம்பரின், பட்டறைக்கல், மின்பொறி, குழாயில் சுத்தியல் அடிக்கும் சத்தம். ஸ்வரங்களில் சைலஃபோனும் மரிம்பாவும் கலந்திருக்கின்றன. தனித்தனியாகப் பிரித்துக் கேட்க நம்மால் முடியாது. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டால் ஏதோ குறைகிறதே என்று தோன்றும்.

பாட்டில் பாடகர் காப்பாற்றுவார், படத்தில் காட்சி காப்பாற்றும். ஜிங்கிளில் தப்பிக்க இடமில்லை. 'ரோஜா'வுக்கு (1992) முன் ஏ.ஆர். ரஹ்மானும் விளம்பரங்களில்தான் கை பழகினார். அவர் பாடல்களில் முதல் சில நொடியே ஆளை இழுப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

பீத்தோவன் குறிப்புகளாக விட்டுப்போன பத்தாம் சிம்பொனியைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிக்க முயன்ற குழுவிலும் வெர்சோவா இருந்தார். இயந்திரம் சலிக்காமல் மெட்டுகளைக் கொட்டும். எது தேறும் என்று பொறுக்கியெடுப்பது அவர் வேலை. 2021 அக்டோபரில் பீத்தோவன் பிறந்த பான் நகரில் அந்தச் சிம்பொனி அரங்கேறியது. பாராட்டும் வந்தது, திட்டும் வந்தது. அதை யாரும் முணுமுணுத்து நான் இதுவரை கேட்டதில்லை.