பிள்ளைகளைப் பிணையாக வைத்துக் கட்டிய 3.30 கோடி!

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாக கிருஷ்ணகிரிக்குப் போகிறவர்கள், மலை மேல் இருக்கும் அந்தக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். கீழே தக்காளி லாரிகள் வரிசைகட்டி நிற்கும் பரபரப்பில், மேலே நிமிர்ந்து பார்க்கப் பலருக்கு நேரம் இருக்காது. ஆனால், 1792 முதல் 1799 வரை ஏழு ஆண்டுகள் அந்தக் கோட்டை ஒரு நாட்டின் எல்லைக்காவல். கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள். மேற்கே, ஓசூர் பக்கம் திரும்பினால் திப்பு சுல்தானின் ராஜ்ஜியம்.

இன்று வேலைக்காகக் காலையில் அத்திப்பள்ளி தாண்டிப் போய், இரவில் ஓசூர் திரும்புகிறவர்களுக்குத் தமிழ்நாடு - கர்நாடகா எல்லை பழகிய விஷயம். இந்த எல்லைக்கு முன்னால், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவிலேயே ஓர் எல்லை ஓடியது. அதை வரைந்தது ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் ஒரு பெரிய தொகையும், மூன்று தவணைகளும், ஜாமீனாக இரண்டு சிறுவர்களும் இருந்தார்கள்.

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் பணம் தர வேண்டியிருந்தால் என்ன செய்வார்கள்? தராவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு உலகம் காலம்தோறும் சொன்ன பதில்களில் மிகப் பழைய பதில், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மண்ணிலேயே இருக்கிறது.

பாதி நாடு... மேலே ரொக்கம்!

மூன்றாம் மைசூர்ப் போரில் கம்பெனி, மராத்தியர்கள், ஹைதராபாத் நிஜாம் மூவரும் சேர்ந்து திப்புவை எதிர்த்தார்கள். 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வைத்த நிபந்தனைகள் இரக்கமற்றவை. ராஜ்ஜியத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும். அதோடு, போர்ச் செலவுக்காக 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அதில் சரிபாதி, 1 கோடியே 65 லட்சம், உடனடியாக. மீதி மூன்று தவணைகளில், ஒவ்வொரு தவணைக்கும் நான்கு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. வராகனாகவோ, தங்க மொகராகவோ, எடை குறையாத ரூபாயாகவோ, தங்கம் வெள்ளிக் கட்டியாகவோ தரலாம் என்று எழுதியிருந்தார்கள். தேய்ந்த காசைத் தள்ளிவிட முடியாதபடி 'முழு எடை' என்ற வார்த்தையை மறக்காமல் சேர்த்தவர்கள் கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளைகள்தான்.

கொடுக்க வேண்டிய பாதி நாட்டை எப்படி அளந்தார்கள்? பரப்பளவை வைத்து அல்ல. ஒவ்வொரு சீமையும் ஆண்டுக்கு எவ்வளவு வரி வசூல் தருகிறது என்று பட்டியல் போட்டு, வருமானத்தைப் பாதியாகப் பிரித்தார்கள். அந்தப் பட்டியலில் கம்பெனியின் பங்குக்கு வந்ததுதான் பாராமகால். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் சேர்ந்த பகுதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை இரவோடு இரவாக கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கி, மேலே ஏற முடியாமல் அடிவாங்கித் திரும்பியிருந்தது. துப்பாக்கியால் பிடிக்க முடியாத அந்தக் கோட்டை நான்கே மாதத்தில் பட்டியலில் ஒரு வரியாகக் கைக்கு வந்தது.

நாடு கைக்கு வந்துவிட்டது. பணத்துக்கு என்ன உத்தரவாதம்?

அதற்காகத்தான் திப்புவின் மகன்கள் கேட்கப்பட்டார்கள். அப்துல் காலிக்குக்கு 10 வயது இருக்கும். மொய்சுதீனுக்கு 8. பிப்ரவரி 26-ம் தேதி, அலங்கரித்த யானைகள் மேல் இருவரும் கோட்டையை விட்டு வந்தார்கள். பீரங்கிகள் மரியாதை செய்தன. கூடாரத்தில் கார்ன்வாலிஸ் இருவரையும் அணைத்து வரவேற்றார். இன்று காலை வரை சுல்தானின் பிள்ளைகள், இனி நீங்கள்தான் தகப்பன் என்ற பொருளில் திப்புவின் வக்கீல் குலாம் அலி கான் பேசினார். ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் பரிசாகக் கிடைத்தது. ராபர்ட் ஹோம் போன்ற ஓவியர்கள் இந்தக் காட்சியை வரைந்து தள்ளினார்கள். ஓவியங்களைப் பார்த்தால் ஏதோ கல்யாண ஊர்வலம் போலத்தான் இருக்கும்.

அணைப்பின் ஆயுள் எவ்வளவு என்பது சில நாட்களிலேயே தெரிந்தது. குடகை விட்டுத் தர முடியாது என்று திப்பு முரண்டு பிடித்தார். உடனே இளவரசர்களின் காவலர்களிடமிருந்து ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. சிறுவர்களைச் சென்னைப் பக்கம் கொண்டுபோக ஏற்பாடு தொடங்கியது. திப்பு இறங்கி வந்தார். மார்ச் 18-ம் தேதி ஒப்பந்தம் முடிந்தது.

பணத்துக்காகத் திப்பு தன் கஜானாவை மட்டும் நம்பவில்லை. படையினர், அதிகாரிகள், குடிமக்கள் என எல்லோர் தலையிலும் அந்தச் சுமை இறங்கியது. சென்னையில் வைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் 1794 மார்ச்சில்தான் தகப்பனிடம் திரும்பினார்கள். ஒப்படைத்த இடம் தேவனஹள்ளி. திப்பு பிறந்த ஊர். இன்றைய பெங்களூரு விமான நிலையம் இருக்கிறதே, அந்த இடம்.

இது ஏதோ கம்பெனி மட்டும் செய்த அராஜகம் என்று நினைக்க வேண்டாம். அன்றைய ஐரோப்பியச் சட்ட நூல்களே பிணையாட்களை முறையான உத்தரவாதமாக ஏற்றுக்கொண்டிருந்தன. 1758-ல் நாடுகளின் சட்டம் பற்றி எழுதிய வாட்டெல், பிணையாளைப் பிடித்து வைக்கலாம், கொல்லக் கூடாது என்றார். பிரிட்டனே 1748-ல், ஒரு தீவைத் திருப்பித் தரும் வரைக்கும் என்று தன் பிரபுக்கள் இருவரை பிரான்ஸுக்குப் பிணையாக அனுப்பியிருந்தது. ஆனால் அவர்கள் வளர்ந்த மனிதர்கள்!

எல்லைக்கு அந்தப் பக்கம் 148 வருட பாக்கி

1799-ல் திப்பு மாண்ட பிறகு ஓசூரும் கம்பெனியிடம் வந்தது. ராயக்கோட்டை எல்லை மறைந்தது. மைசூரில் பழைய உடையார் வம்சத்துச் சிறுவன் அரியணையில் அமர்த்தப்பட்டான். அதற்கும் ஒரு விலை இருந்தது. ஆண்டுக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன், அதாவது சுமார் 24.5 லட்சம் ரூபாய், கம்பெனிக்குக் கட்ட வேண்டும். பணம் வருவதில் சந்தேகம் தோன்றினால், ராஜ்ஜியத்தின் எந்தப் பகுதியையும் கம்பெனி தானே எடுத்து நிர்வகிக்கலாம் என்று ஒரு ஷரத்து.

ஜப்தி ஷரத்து இருந்தால் என்றைக்காவது ஜப்தி நடக்கும். 1831-ல் நிர்வாகச் சீர்கேட்டையும் பணம் வருவதற்கு ஆபத்து இருப்பதையும் காரணம் காட்டி மைசூரை பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுத்தது 50 ஆண்டுகள் கழித்து, 1881-ல். அப்போதும் தொகையை 35 லட்சமாக உயர்த்தச் சொன்னார்கள். இந்தக் கப்பம் 1947 வரை தீரவில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் வேறொன்று நடந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் பாராமகாலின் நிர்வாகியானார். உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னை தீவுத்திடலில் குதிரை மேல் அமர்ந்திருக்கிறாரே, அவர்தான். வயல் வயலாக அளந்து, இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. ஒப்பந்தப் பட்டியலில் இருந்த வருமானம் உண்மையா என்று சரிபார்க்கும் வேலை, ஊர் ஊராக, வயல் வயலாக நடந்தது என்று சொல்லலாம்.

போர்க்கப்பலுக்குப் பதில் என்ன?

பீரங்கியைக் காட்டிக் கடன் வசூலிப்பது அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1902 டிசம்பரில் வெனிசுலா கடனைக் கட்டவில்லை என்று பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் போர்க்கப்பல்களை அனுப்பி அதன் துறைமுகங்களை மறித்தன. அர்ஜென்டினாவின் வெளியுறவு அமைச்சர் டிராகோ கொதித்தார். கடனுக்காக ஒரு நாட்டின் மீது படை ஏவக் கூடாது என்பது அவர் வாதம். 1907-ல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் இதைப் பாதி ஏற்றுக்கொண்டன. முதலில் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். கடன்பட்ட நாடு அதற்கு மறுத்தாலோ, தீர்ப்பை மதிக்காவிட்டாலோதான் படை.

1945-ல் ஐ.நா. சாசனம் அந்த மீதி வாசலையும் அடைத்தது. இன்னொரு நாட்டின் மீது பலத்தைப் பயன்படுத்துவதும், பயன்படுத்துவதாக மிரட்டுவதும் தடை. 1969-ன் வியன்னா உடன்படிக்கை, அப்படி மிரட்டி வாங்கிய ஒப்பந்தமே செல்லாது என்கிறது. போரில் பிணையாட்களைப் பிடிப்பதை 1949-ன் ஜெனீவா உடன்படிக்கை தடுத்துவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்தை இன்று யாராவது எழுதினால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சட்டவிரோதம்.

சரி, மிரட்ட முடியாது. கோர்ட்டுக்குப் போகலாமா? அங்கேதான் சிக்கல். சர்வதேச நீதிமன்றம் இரு நாடுகளும் சம்மதித்தால்தான் வழக்கை எடுக்கும். ஒரு கம்பெனி நொடித்தால் திவால் சட்டம் இருக்கிறது. நாடு நொடித்தால் அப்படி ஒரு சட்டமே உலகத்தில் கிடையாது. இந்தியாவிடமே உதாரணம் உண்டு. பிரிவினைக்கு முந்தைய அரசுக் கடன் முழுவதையும் இந்தியா ஏற்றது. பாகிஸ்தான் தன் பங்கை 50 ஆண்டுத் தவணைகளில் இந்தியாவுக்குத் தருவதாக 1947 டிசம்பரில் உடன்பாடு. வரவில்லை. 300 கோடி ரூபாய் 'வர வேண்டிய பாக்கி'யாகப் பல பத்தாண்டுகளாக நம் பட்ஜெட் ஆவணங்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

தனியார் கடன்காரர்கள் மட்டும் வெளிநாட்டு நீதிமன்றங்களில் முட்டிப் பார்ப்பார்கள். 2012 அக்டோபரில் ஓர் அமெரிக்க நிதி நிறுவனம், அர்ஜென்டினா தர வேண்டிய பாக்கிக்காக அதன் கடற்படைப் பயிற்சிக் கப்பல் 'லிபர்டாட்'டை ஆப்பிரிக்காவின் கானா துறைமுகத்தில் சிறைப்பிடிக்க வைத்தது. பாய்மரக் கப்பல்தான், ஆனாலும் போர்க்கப்பல் கணக்கில் சேரும். போர்க்கப்பலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி, டிசம்பரில் கடல் சட்டத் தீர்ப்பாயம் அதை விடுவிக்க உத்தரவிட்டது. தூதரகத்துக்கும் இதே பாதுகாப்புதான். ஜப்தி செய்யத் தகுந்த சொத்து வெளிநாட்டில் எளிதில் அகப்படாது.

ஆக, மிச்சம் இருப்பது பேச்சுவார்த்தை மட்டும். இதை மிக அருகில் பார்த்தது இலங்கை விஷயத்தில். 2022 ஏப்ரல் 12-ம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியவில்லை என்று அந்த நாடு அறிவித்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா கடனுக்காகப் பறித்துக்கொண்டது என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும். 99 ஆண்டுக் குத்தகை உண்மை. ஆனால், 2017-ல் அதற்குக் கிடைத்த 112 கோடி டாலர் இலங்கையின் அந்நியச் செலாவணி இருப்புக்குத்தான் போனது. துறைமுகத்துக்காக வாங்கிய கடன் தனியாக அப்படியே நின்றது. யாரும் ஜப்தி செய்யவில்லை. கைமாற்றுக்கு வழியில்லாத வீடு, இருப்பதைக் குத்தகைக்கு விட்ட கதை.

நொடித்த நாட்டுடன் பேச, கடன் கொடுத்த அரசுகள் ஒரு குழுவாக உட்கார்ந்தன. தலைமை மூன்று நாடுகளுக்கு: பிரான்ஸ், ஜப்பான், இந்தியா. பாரிஸ் கிளப் எனப்படும் பழைய கடன்கார நாடுகளின் கூட்டத்தில் இந்தியா உறுப்பினர்கூட இல்லை. சீனாவின் எக்ஸிம் வங்கி தனியாகப் பேசியது. எல்லோரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பேசினார்கள். காரணம், ஒரு விதி: ஒருவருக்குக் கொடுக்கும் சலுகைக்குக் குறையாத சலுகையை மற்றவரும் இலங்கைக்குக் கொடுத்தாக வேண்டும். 2024 ஜூன் 26-ல் குழுவுடன் 580 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு கையெழுத்தானது.

அசலைக் கட்டுவது 2028 வரை தள்ளிவைப்பு. கடைசித் தவணை 2043-ல். பிணையாகக் குழந்தைகள் யாரும் போகவில்லை, ஒரு ஏக்கர் நிலமும் கைமாறவில்லை. அதற்குப் பதிலாக, வரி வருமானத்தைக் கூட்டுகிறோம் என்று சர்வதேச நிதியத்துக்கு இலங்கை வாக்குக் கொடுத்தது. 2024 ஜனவரி 1 முதல் அங்கே வாட் வரி 15-லிருந்து 18 சதவிகிதம் ஆனது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் செல்போன் வாங்குகிறவர், பைக்குக்குப் பெட்ரோல் போடுகிறவர் என எல்லோருடைய பில்லிலும் அந்த 18 சதவிகிதம் இருக்கிறது.